லயத்து வீட்டின் பழைய ஜிஐ பைப்: ஒட்டுப்போடுவதா, கைவிடுவதா? ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தின் பழைய தோட்டத் தொழிலாளர் வீடுகள், அதாவது லயத்து வீடுகள், பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இடுப்பளவு செங்கல் சுவர், அதற்கு மேல் பலகை, தலைக்கு மேல் ஜிங்க் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பின்பக்கம் சிமெண்டுத் தரை போட்ட அடுப்படியும் குளியலறையும். இரண்டிரண்டு வீடாக நடுச்சுவரைப் பகிர்ந்து நிற்கும். தோட்டம் கைமாறியபின் இவற்றில் பல வீடுகள் ஓய்வுபெற்ற தொழிலாளிகளுக்கே சொந்தமாகிவிட்டன. கூரையை மாற்றியிருப்பார்கள், தரைக்கு டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள், முன்னால் போர்ச் இழுத்திருப்பார்கள். மண்ணுக்குள் கிடக்கும் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப், மட்டும் அன்று போட்டதாகவே இருக்கும்.

இங்கே சொல்லப்படும் வீடு அந்த அச்சில் வந்த ஒன்று. இத்தகைய வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை ஒரே கூரையின்கீழ் வைத்துக் காட்டியிருக்கிறோம். அளவுகளும் இப்படிப்பட்ட வீட்டில் வழக்கமாக வரக்கூடியவையே.

குறைகள் நான்கு. அடுப்படிக் குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது. காலையில் பிடிக்கும் முதல் வாளி செம்பழுப்பாக இருக்கிறது. வீட்டில் ஆள் கூடவில்லை, தண்ணீர் பில் மட்டும் கூடியிருக்கிறது. நடுச்சுவரை ஒட்டிய மண் எப்போதும் ஈரமாகக் கிடப்பதால் கரையான் பலகை வரை ஏறிவிட்டது. வீட்டுக்காரர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, பிரஷர் பம்பு ஒன்னு வெச்சி விட்டா சரியாயிடுமா?"

ஆகாது. மெயின் பைப்பிலிருந்து நேராகப் பம்பு வைத்து இழுப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை, அதற்குக் காரணமும் உண்டு. பம்பு இழுக்கும்போது பைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே போகலாம். அப்போது ஒழுகும் இடமெல்லாம் உறிஞ்சும் இடமாகிவிடும். ஒழுகல் லொங்காங்குக்கு (சாக்கடைக்கு)ப் பக்கத்தில் இருந்தால் லொங்காங் தண்ணீரே உள்ளே வரும். அது பக்கத்து வீட்டுக்காரர் குடிக்கும் தண்ணீருக்கும் போய்ச் சேரும்.

அளந்து பார்ப்பது

ஸ்பானரை எடுக்கும் முன் மூன்று அளவுகள் வேண்டும். பத்து லிட்டர் வாளி, கடிகாரம், அரை இன்ச் மரையுள்ள பிரஷர் மீட்டர் ஆகியவை இருந்தால் போதும்.

முதலில் தண்ணீர் மீட்டர். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும், டாய்லெட் சிஸ்டர்னுக்கு (ஃபிளஷ் தொட்டிக்கு)ப் போகும் ஆங்கிள் வால்வையும் மூடிவிட்டு மீட்டர் முகத்தில் உள்ள சின்னஞ்சிறு சக்கரத்தைப் பார்க்க வேண்டும். இந்த வீட்டில் அது மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. இரவு பதினொன்றுக்கு ஒரு முறை, விடியற்காலை ஐந்துக்கு ஒரு முறை எண்ணைக் குறித்ததில் 6 மணி நேரத்துக்கு 90 லிட்டர் ஓடியிருந்தது. மணிக்கு 15 லிட்டர், நாளுக்கு 360 லிட்டர், மாதத்துக்கு ஏறத்தாழ 11 கன மீட்டர். இதற்குப் பெரிய ஓட்டை தேவையில்லை. 1.8 பார் அழுத்தத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளையே இவ்வளவையும் கக்கிவிடும்.

இரண்டாவது வாளி. மீட்டருக்கு அடுத்துள்ள வாசல் குழாயில் பத்து லிட்டர் நிறைய 35 விநாடி ஆனது, அதாவது நிமிடத்துக்கு 17 லிட்டர். அடுப்படியில் அதே வாளிக்கு 200 விநாடி, அதாவது நிமிடத்துக்கு 3 லிட்டர். தெருவிலிருந்து வரும் தண்ணீரில் குறையில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் இடையில்தான் அது தொலைகிறது.

மூன்றாவதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். அடுப்படிக் குழாயைக் கழற்றி அங்கே பிரஷர் மீட்டரை மாட்டினால் 1.8 பார் காட்டியது. வாசலிலும் அதே 1.8. "பிரஷர் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகத் தோன்றும். தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது அடைபட்ட பைப்பும் முழு அழுத்தத்தைத்தான் காட்டும். மீட்டரை மாட்டியபடியே குளியலறைக் குழாயைத் திறந்ததும் முள் 0.2க்கு விழுந்தது. அந்நேரம் வாசலில் 1.7க்குக் கீழே இறங்கவில்லை. நின்றால் நல்ல அழுத்தம், ஓடினால் விழும் அழுத்தம் என்றால் உள்ளே அடைப்பு என்று பொருள்.

ஒழுகல் எந்தப் பகுதியில் என்று பிரித்துப் பார்க்க வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இருந்த கேட் வால்வை நம்ப முடியவில்லை. பல ஆண்டுகள் திருகாமல் கிடந்த கேட் வால்வு பாதியில் நின்றுவிடும், பலமாகத் திருகினால் தண்டு முறியும். எனவே யூனியனை (இரண்டு பைப்பைக் கழற்றி மாட்டும் இணைப்பை)க் கழற்றி, மீட்டர் பக்கத்து முனையில் பிளக் போட்டு அடைக்கப்பட்டது. அதன்பின்னும் சக்கரம் சுற்றியது. ஒழுகல் வீட்டுக்குள் இல்லை, மண்ணுக்குள் இருக்கிறது. சிஸ்டர்னை இதற்கு முன்பே சோதித்தாகிவிட்டது: உணவுக் கலர் சில சொட்டு விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இருந்து பார்த்ததில் பீங்கானில் நிறம் இறங்கவில்லை. வீட்டிலுள்ள சிராப் பண்டோங்கை (ரோஜா நிறப் பானத்தை) ஊற்றியும் பார்க்கலாம், பிறகு எறும்பு வந்தால் நம்மைத் திட்டக்கூடாது.

மண்ணுக்குள் கிடைத்தது

ஈரம் கண்ட இடத்தில், நடுச்சுவரின் முனையை ஒட்டி ஓரடி ஆழம் தோண்டியதும் ஒரு டீ, அதாவது மூன்று வாயுள்ள பைப் இணைப்பு, தெரிந்தது. அதன் ஒரு வாய் பக்கத்து வீட்டை நோக்கியிருந்தது, பிளக் போட்டு அடைத்திருந்தார்கள். இதில் வியப்பில்லை. தோட்டக் காலத்தில் முழு வரிசைக்கும் பொதுவாகத் தண்ணீர் வந்தது, இரண்டு வீட்டுக்கு ஒரு பைப். பின்னாளில் வீட்டுக்கொரு மீட்டர் வந்தபோது இணைப்பை வெட்டி டீயில் பிளக்கைத் திருகி மண்ணைத் தள்ளிவிட்டார்கள். துளை விழுந்திருந்தது அந்த டீயை ஒட்டிய மரையில்.

சில வீடுகளில் அந்த இணைப்பை வெட்டியிருக்கவே மாட்டார்கள். எந்த வேலைக்கும் முன் மீட்டருக்கு அடுத்த ஸ்டாப் காக்கை மூடிவிட்டு, பக்கத்து வீட்டுக் குழாய்களையும், குறிப்பாகப் பின்கட்டுக் குழாயை, திறந்து பார்க்கச் சொல்வது நல்லது. அங்கே தண்ணீர் நின்றால் இரண்டு குடும்பமும் ஒரே பில்லில் குளிக்கிறது என்று அர்த்தம். அதை முதலில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும், பைப்பை வெட்டிய பிறகு பேசினால் சண்டைதான்.

ஜிஐ பைப் பெரும்பாலும் மரையில்தான் முதலில் சாகும். அரை இன்ச் நடுத்தர ரகப் பைப்பின் சுவர் 2.6 மி.மீ. கனம். மரை வெட்டும்போது அதில் 1.1 மி.மீ.க்கு மேல் போய்விடும், கூடவே அந்த இடத்துத் துத்தநாகப் பூச்சும் போய்விடும். மிஞ்சுவது ஒன்றரை மில்லிமீட்டர் வெறும் இரும்பு. அதன்மேல் பித்தளை வால்வைப் பூட்டினால், ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்து இரும்பை இன்னும் விரைவாக அரிக்கும். பித்தளை கெடாமல் பளபளக்க, பக்கத்து மரை பொடியாக உதிரும்.

உள்ளே நடப்பது வேறு. பூச்சு கரைந்த இடங்களில் துரு முண்டு முண்டாக வளர்ந்து வாயை அடைக்கும். அடுப்படிக்குப் போன அரை இன்ச் பைப்பின் உள்வாய் புதிதில் 16 மி.மீ. வெட்டிப் பார்த்தபோது நடுவில் 7 மி.மீ. அளவே திறந்திருந்தது. விட்டம் பாதியானால் தண்ணீரும் பாதியாகும் என்று நினைக்கத் தோன்றும். அதே அழுத்தத்தில் அது ஆறில் ஒரு பங்காகிவிடும். காலை வாளியின் செம்பழுப்பும் இந்தத் துருதான், இரவு முழுதும் நின்ற தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு வருகிறது. பழைய துத்தநாகப் பூச்சில் சிறிதளவு ஈயமும் கலந்திருப்பதுண்டு. ஆகையால் பைப்பை மாற்றும் வரை காலையின் முதல் வாளியைச் செடிக்கு ஊற்றிவிட்டு, நிறம் தெளிந்த பிறகே குடிக்கவும் சமைக்கவும் பிடிக்க வேண்டும்.

ஏன் ஒட்டுப்போடவில்லை

டீயை ஒட்டிய துண்டை மட்டும் வெட்டி எடுத்து, புதுத் துண்டு போட்டு மூடுவது அரை நாள் வேலை. இதே வீட்டில் முன்பு அப்படித்தான் செய்திருந்தார்கள். வாசலிலிருந்து பின்கட்டு வரை சைக்கிள் டியூப் சுற்றிக் கம்பி கட்டிய இடம் ஒன்று, எப்பாக்ஸி அப்பிய இடம் ஒன்று, நடுவில் பிவிசி துண்டு செருகிய இடம் ஒன்று.

ஒவ்வொரு ஒட்டும் அடுத்த ஒழுகலுக்கு வழி செய்கிறது என்பதுதான் சிக்கல். பைப் ஸ்பானரை வைத்துப் பழைய ஜிஐயைத் திருகும்போது அந்த முறுக்கு அங்கேயே நிற்காது. அடுத்த மரைக்கும் அதற்கடுத்த மரைக்கும் போகும். ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருகினால் பாதிப்பு குறையும், தீராது. அசைந்த துரு பெயர்ந்து போய்ச் சிஸ்டர்னின் ஃப்ளோட் வால்வு (மிதவை வால்வு) வாயில் உட்காரும். இது போதாதென்று இரவில் ஊர் முழுதும் குழாயை மூடும்போது மெயின் அழுத்தம் கூடும். புதுத் துண்டு தாங்கும், பக்கத்தில் ஒன்றரை மில்லிமீட்டரில் நிற்கும் பழைய மரை தாங்காது. ஆறு மாதத்தில் மறுபடியும் மண்வெட்டி தேவைப்படும்.

ஆகவே முடிவு இது: மீட்டரிலிருந்து பின்கட்டு வரை பழைய பைப்பை முழுதாகக் கைவிடுவது, வீட்டுக்குள் ஓடும் பைப்பையும் சுவருக்கு வெளியே புதிதாக ஓட்டுவது, சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் புதைந்ததைத் தோண்டாமல் இரு முனையும் அடைத்து அப்படியே விடுவது. பைப் சுவர்மேல் தெரிவது அழகில்லை என்பார்கள். தெரியும் பைப் ஒழுகினால் அன்றே தெரியும். டைல்ஸை உடைக்க வேண்டியதும் இல்லை.

ஒரு விதிவிலக்கு. வெட்டிப் பார்த்த துண்டின் உள்வாய் சுத்தமாக இருந்து, ஒரேயொரு மரை மட்டும் போயிருந்தால் ஒட்டுப்போடுவதே சரி. வெட்டாமல் இதை யாரும் சொல்லிவிட முடியாது.

மீட்டரும் அதற்கு முன்புள்ள பைப்பும் தண்ணீர் நிறுவனத்துடையவை. அவற்றில் கை வைக்கக்கூடாது, முத்திரையை உடைக்கவும் கூடாது. மீட்டருக்குப் பின்னால் உள்ளது வீட்டுக்காரரின் பொறுப்பு. அதை ஸ்பான் (தேசிய நீர்ச் சேவை ஆணையம்) அனுமதி பெற்ற பிளம்பரிடம் கொடுப்பது முறை. இன்னும் தோட்ட நிர்வாகத்தின் வீட்டில் குடியிருந்து வேலை செய்பவர்கள் தங்கள் பணத்தில் பைப் போட ஓடவேண்டியதில்லை. தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 446, தண்ணீர் தருவதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது.

வெட்டும் முன் வயர்மேன்

இதை ஒரு வரியில் கடந்துபோக முடியாது. பழைய வீடுகளில் மின்சார எர்த் கம்பியை ஜிஐ பைப்பில் கவ்வி வைத்திருப்பதுண்டு. இரும்புப் பைப் மண்ணில் கிடக்கும் வரை அது எர்த்தாக வேலை செய்தது. பாலி பைப்பை, அதாவது பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் பைப்பை, இடையில் போட்ட கணமே வீட்டுக்கு எர்த் இல்லாமல் போகும். ஃபிரிட்ஜிலோ வாஷிங் மெஷினிலோ மின்கசிவு வந்தால் மெயின் சுவிட்ச் விழாது, தொடுபவர்தான் விழுவார். வெட்டும்போதும் ஆபத்து உண்டு. பைப்பில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் வெட்டிய இரு முனைகளையும் இரு கையால் பிடிக்கும் பிளம்பரின் உடல் வழியாக அது போகும்.

மெயின் போர்டிலிருந்து பச்சைக் கம்பி எங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த வீட்டில் அது குளியலறைப் பைப்புக்குத்தான் போனது. வயர்மேனை வரவழைத்துத் தனியாக எர்த் ராடு அடித்து, கம்பியை மாற்றி, ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறதா என்று சோதித்த பின்னரே ஹேக்ஸா ரம்பம் பைப்பைத் தொட்டது. வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதன் சுற்றுக்கு 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தனியாக வேண்டும்.

சாமான்களும் அளவுக் குழப்பமும்

கடையில் முதலில் இடறுவது அளவில்தான். ஜிஐயையும் பிவிசியையும் உள்வாய்க் கணக்கில் முக்கால் இன்ச், அதாவது 20 மி.மீ. என்று கேட்கிறோம். பாலி பைப்புக்கு வெளி விட்டக் கணக்கு. "20 மி.மீ. பாலி" என்று வாங்கினால் கிடைப்பது 16 மி.மீ. உள்வாய், அதாவது அரை இன்ச். முக்கால் இன்ச்சுக்கு ஈடாக வேண்டுமென்றால் 25 மி.மீ. பாலி கேட்க வேண்டும். அதன் உள்வாய் 20 மி.மீ.க்குச் சற்று மேல்.

மீட்டரிலிருந்து பின்கட்டு வரை 18 மீட்டர். நீலக்கோடு போட்ட கறுப்புப் பாலி பைப், 25 மி.மீ., பிஎன் 12.5 (12.5 பார் தாங்கும்) ரகம், 20 மீட்டர் வாங்கப்பட்டது. இரு முனைக்கும் முக்கால் இன்ச் ஆண் மரை அடாப்டர், வளைவுக்கு இரண்டு எல்போ, எல்லாம் நட்டைத் திருகி இறுக்கும் கம்ப்ரெஷன் வகை. மீட்டருக்கு அடுத்து ஒன்று, பின்கட்டு நுழைவில் ஒன்று என முக்கால் இன்ச் பித்தளை பால் வால்வு இரண்டு. வீட்டுக்குள் முக்கால் இன்ச் கிளாஸ் ஈ அழுத்த ரகப் பிவிசி 12 மீட்டர், கிளை ஓட்டங்களுக்கு அரை இன்ச் 6 மீட்டர். குழாய் மாட்டும் இடங்களுக்குப் பித்தளை உள்மரை வைத்த பிடி சாக்கெட்டோ பிடி எல்போவோ ஐந்து. பைப்பைச் சுவரோடு பிடிக்கும் சேடில் இரண்டு டஜன், மரையில் சுற்றும் ஒயிட் டேப் ஐந்து சுருள், ஒரு டின் பிவிசி பசை.

பிடி சாக்கெட்டில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். வெறும் பிளாஸ்டிக் பெண் மரைக்குள் உலோகக் குழாயைத் திருகினால் அது ஆப்பாக இறங்கிப் பிளாஸ்டிக்கைப் பிளக்கும். அன்றே பிளக்காது, சில மாதம் கழித்து நடு இரவில் பிளக்கும். பிளாஸ்டிக் ஆண் மரையை உலோகப் பெண் மரைக்குள் திருகலாம். உலோக ஆண் மரை பித்தளை உள்மரைக்குள்தான் போக வேண்டும். குழாய் வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். பித்தளைக் குழாய் கனக்கும், மேலே குரோம் பூசிய துத்தநாகக் கலவை லேசாக இருக்கும், ஓரிரு ஆண்டில் கழுத்தில் ஒடியும்.

வேலை

புதுப் பாதையை லொங்காங்கிலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் தள்ளி எடுக்க வேண்டும். பழைய பைப் லொங்காங்குக்குள் படுத்துத்தான் அதைக் கடந்தது, அப்போதெல்லாம் அது வழக்கம். கடந்தே ஆகவேண்டிய இடத்தில் புதியது லொங்காங் விளிம்புக்கு மேலே, ஜிஐ உறைக்குள் கடந்தது. வெறும் மண்ணில் ஓரடி ஆழம் போதும். மோட்டார் சைக்கிளும் காரும் ஏறும் இடத்தில் ஒன்றரை அடி, அதுவும் இரண்டு இன்ச் பிவிசி உறைக்குள். கல் இல்லாத மண்ணையோ மணலையோ அடியிலும் மேலும் நாலு விரல் போட்ட பின்னரே தோண்டிய மண்ணைத் தள்ள வேண்டும்.

பாலி பைப்பை இழுத்து நேராகப் போட்டுவிடக்கூடாது. வெயிலில் கிடந்த 20 மீட்டர் பைப் மண்ணுக்குள் குளிர்ந்ததும் ஐந்தாறு சென்டிமீட்டர் சுருங்கும். இறுக்கமாக இருந்தால் கம்ப்ரெஷன் மூட்டிலிருந்து தன்னையே இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். குழியில் லேசாக நெளிந்து கிடக்கும்படி விட்டு, காலைக் குளிர்ச்சியில் மண்ணை மூட வேண்டும்.

கம்ப்ரெஷன் மூட்டில் ஒழுகல் வந்தால் பத்தில் ஒன்பது முறை பைப் முழுதாக உள்ளே போகாததே காரணம். நேராக வெட்டி, வெளி விளிம்பைக் கத்தியால் சாய்வாகச் சீவி, எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்று பைப்பின்மேல் கோடு போட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, ரப்பர் வளையத்தைத் தாண்டிக் கோடு மறையும் வரை தள்ள வேண்டும். சீவாத விளிம்பு ரப்பர் வளையத்தை அறுத்துவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. எண்ணெயும் கிரீசும் தடவ வேண்டாம்.

பிவிசியில் வெட்டிய பிசிறை எடுத்து, உலரத் துடைத்து, இரு பக்கமும் மெல்லியதாகப் பசை பூசி, கால் திருப்புத் திருப்பிச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பசையை வாரிப் பூசினால் உள்ளே வழிந்து பைப்பை இளக்கும். 24 மணி நேரம் அழுத்தம் கொடுக்காமல் விடுவது நல்லது, மழைக்காலத்தில் அதைக் குறைக்கவே கூடாது. அன்றிரவு தண்ணீர் வேண்டும் என்பதால் பலர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். பழைய ஓட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புதியதைக் கட்டி முடித்து, மறுநாள் இணைப்பை மட்டும் மாற்றினால் வீட்டுக்கு ஒரு மணி நேரம் கூடத் தண்ணீர் நிற்காது.

ஒயிட் டேப்பைப் பைப்பின் வாய் நம்மைப் பார்த்திருக்கும்போது கடிகார முள் சுற்றும் பக்கமாகச் சுற்ற வேண்டும். கடையில் கிடைக்கும் மெல்லிய ரகத்துக்குப் பத்துச் சுற்று. எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போதே பிரிந்து வரும்.

சேடிலை இரண்டடிக்கு ஒன்றாக, பலகையில் அல்லாமல் அதன் பின்னுள்ள சட்டத்தில் திருக வேண்டும். பலகைக்கும் பைப்புக்கும் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் கரையான் மண்கோடு ஏறுவது கண்ணுக்குத் தெரியும். வெயில் படும் பிவிசி நாளடைவில் நொறுங்கும். இறவாரத்துக்கு அடியில் ஓட்டலாம், முடியாவிட்டால் சாதாரண சுவர் எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கோட்டு அடிக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் துளை போட்டுப் பைப்பை விடவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. பக்கத்துப் பலகையில் வழி எடுங்கள்.

டாங்கி

வறட்சியிலும் பைப் உடைப்பிலும் தண்ணீர் நின்றால் ஒரு நாள் தாங்க 100 கேலன் பாலித் டாங்கி வைக்கப்பட்டது. அதில் 455 லிட்டர் பிடிக்கும், நிறைந்தால் 455 கிலோவுக்கு மேல். பழைய பலகை வீட்டின் உத்தரத்தில் இதை ஏற்றக்கூடாது, கரையான் தின்ற உத்தரத்தில் சொல்லவே வேண்டாம். தனிக்கால் போட்ட இரும்பு ஸ்டாண்டு, அடியில் முழுத் தட்டையான பலகைத் தளம் வேண்டும். கம்பிகளின்மேல் நேராக வைத்தால் டாங்கியின் அடி நாளடைவில் தொய்ந்து கிழியும்.

உயரத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார்தான். மூன்று மீட்டர் ஸ்டாண்டு கொடுப்பது 0.3 பார். மெயினில் 1.8 வந்த இடத்தில் இது சொற்பம், அதனால் டாங்கியிலிருந்து இறங்கும் பைப் ஒரு இன்ச் இருக்க வேண்டும். அரை இன்ச்சில் இறக்கினால் பழைய நூல் ஒழுக்கு திரும்பி வரும். பம்பு இல்லாத வாட்டர் ஹீட்டர்களில் பல இந்த அழுத்தத்தில் பற்றிக்கொள்ளாது. அடுப்படிக் குழாய் மட்டும் மெயினிலிருந்து நேராக, மற்றவை டாங்கியிலிருந்து என்று பிரிக்கப்பட்டது. குடிக்கும் தண்ணீர் டாங்கியில் நிற்க வேண்டாம்.

ஃப்ளோட் வால்வின் வாய் ஓவர்ஃப்ளோ பைப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் டாங்கித் தண்ணீர் மெயினுக்குத் திரும்ப இழுக்கப்படலாம். ஓவர்ஃப்ளோ உள்ளே வரும் பைப்பைவிட ஒரு அளவு பெரியதாகவும் அதன் வாயில் நைலான் வலையும் இருக்க வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிட அந்த வாய் போதும், கொசுப்புழு கிடைத்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் வரும்.

தண்ணீர் விட்டபின்

குழாய் வாயில் உள்ள வலைகளைக் கழற்றிவிட்டு, மண்ணும் பசைத்துகளும் போகத் திறந்துவிட வேண்டும். டாங்கியை நிரப்பி, வாசனை சேர்க்காத 5 விழுக்காட்டுப் பிளீச் 450 மில்லி ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு, எல்லாக் குழாய் வழியாகவும் வடித்து, இருமுறை அலசினால் போதும். பிளீச்சோடு டாய்லெட் கழுவும் ஆசிட்டைச் சேர்க்கக்கூடாது, நச்சுவாயு எழும்.

சோதனைக்குப் பிரஷர் மீட்டரை மாட்டி வால்வை மூடியபின் முள் முதல் கால் மணியில் சற்று இறங்கியது. பயப்பட வேண்டாம், பாலி பைப் அழுத்தத்தில் கொஞ்சம் உப்பும். மறுபடி அழுத்தம் கொடுத்த பிறகும் இறங்கிக்கொண்டே போனால்தான் ஒழுகல். குழியை மூடும் முன் ஓர் இரவு இப்படி விட்டுப் பார்க்க வேண்டும். இங்கே மீட்டர் சக்கரம் விடியும்வரை அசையவில்லை. அடுப்படியில் பத்து லிட்டர் 45 விநாடியில் நிறைந்தது.

நல்ல அழுத்தம் வந்ததும் பழைய பொருள்கள் பழிவாங்கும். குளியலறைத் தொட்டியின் பழைய குழாய் சொட்டத் தொடங்கியது. டாங்கிக்கு மாற்றும் வரை மெயினில் இருந்த சிஸ்டர்னின் ஃப்ளோட் வால்வு மூடாமல் வழிந்தது. இவற்றின் வாஷர் பல ஆண்டுகளாக அரைகுறை அழுத்தத்தையே பார்த்துப் பழகியவை. அரை இன்ச் வாஷர் நாலைந்தும் ஒரு புது ஃப்ளோட் வால்வும் முதலிலேயே வாங்கி வைத்திருப்பது நல்லது. கால் திருப்பில் மூடும் குழாயைப் படாரென்று மூடினால் பைப் அதிர்ந்து சுவரில் முட்டும், சேடில் குறைவாக இருந்தால் இன்னும் மோசம். அடுப்படியின் நீண்ட ஓட்டத்தில் நடுவே இரண்டு சேடில் கூடுதலாகப் போட்டதும் அது அடங்கியது.

கழிவுநீர்ப் பக்கம் இந்த வீட்டில் அதிக வேலை இல்லை. சிங்க்கின் அடியில் பழைய ஜிஐ கழிவுப்பைப் தேங்காய்ப்பால் கொழுப்பும் கறி எண்ணெயும் உறைந்து அடைத்திருந்தது. அதை வெட்டி எறிந்து, ஒன்றரை இன்ச் பிவிசியும் கழற்றிச் சுத்தம் செய்யும் டிராப்பும் (தண்ணீர் நிற்கும் வளைவும்) போடப்பட்டது. கொதிக்கும் சோற்றுக் கஞ்சியைப் பிவிசியில் நேராக ஊற்றினால் அது இளகித் தொய்யும், ஆறவைத்து ஊற்ற வேண்டும்.

பராமரிப்புக்குப் பெரிய பட்டியல் இல்லை. மாதம் ஒருமுறை, பில் வரும் நாளில், எல்லாவற்றையும் மூடிவிட்டு மீட்டர் சக்கரத்தைப் பார்ப்பது. தீபாவளிக்கு வீடு கழுவும்போது டாங்கியை வடித்து அடியிலுள்ள சேற்றைக் கழுவுவது. பால் வால்வுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறப்பது. இல்லையென்றால் அவையும் பழைய கேட் வால்வைப்போல் இறுகிவிடும்.

கைவிட்ட பைப் எங்கே கிடக்கிறது, புதியது சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி எவ்வளவு ஆழத்தில் போகிறது, பக்கத்து வீட்டு டீ எங்கே என்று அளவோடு ஒரு படம் வரைந்து, மெயின் போர்டுக் கதவின் உட்பக்கம் ஒட்டப்பட்டது. குழியை மூடும் முன் எடுத்த படங்கள் வீட்டுக்காரரின் கைப்பேசியில் இருக்கின்றன. நடுச்சுவருக்கு அந்தப்பக்கமும் அதே வயதுள்ள ஜிஐதான். அந்த வீட்டு மீட்டரிலும் சக்கரம் சுற்றுகிறது.